ஆமை வாங்கினாலும் பத்திரம் வேண்டும்

லண்டனுக்கு வந்த நாளில் இருந்து எங்கள் வாழ்க்கை பத்திரங்களோடுதான் நடக்கிறது. ஹோம் ஒபிஸ் கடிதம், வக்கீலின் கடிதம், கவுன்சில் வரிக் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம் என்று ஒரு பிளாஸ்ரிக் பை நிறையக் கட்டி அலுமாரியின் மேல் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும். ஆனால் ஒரு ஆமைக்கும் இந்த நாட்டில் பத்திரம் இருக்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பட்டுத்தான் அறிந்தோம். புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்கள் அப்படிப் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

எங்கள் மகனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் ஊர்வனவற்றைப் பற்றிப் படிப்பித்தார்கள். அன்றில் இருந்து வீட்டில் ஒரே ஆமைக் கதைதான். நாய் வளர்க்க எங்கள் பிளாற்றில் இடமில்லை. பூனைக்கு வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. ஆமை சத்தம் போடாது, கடிக்காது, மயிர் கொட்டாது என்று அவன் காரணங்களை அடுக்கினான். மறுத்துச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

நாங்கள் சான்ட்விச் பக்டரியில் இரவு வேலை. அங்கே எங்களோடு நிற்கும் ஒருவர் வேறு ஊருக்கு வீடு மாறப் போவதாகவும், தன்னிடம் ஒரு ஆமை இருப்பதாகவும், 60 பவுணுக்குத் தருவதாகவும் சொன்னார். கடையில் இன்னும் கூடவாம். இருபது பவுண் முற்பணம் கொடுத்தோம், மிச்சம் சம்பளத்தன்று. விடியற்காலை ஒரு கார்ட்போட் பெட்டிக்குள் ஆமையை வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். மகன் அதற்கு மணி என்று பெயர் வைத்தான்.

ஆமையும் அமீனாவும்

அன்று பின்னேரம் யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மா ரெலிபோனில் வந்தா. பேரன் ஆமையைக் காட்டினான். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காதெண்டு உங்களுக்குத் தெரியாதே? இந்தக் குளிருக்குள்ளை உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று ஏசினா. அமீனா என்றால் கோர்ட்டில் இருந்து கட்டளை கொண்டு வரும் ஆள். பழைய ஆட்களின் பேச்சு என்று நாங்கள் சிரித்தோம்.

மூன்றாம் நாள் எங்கள் சிரிப்பு நின்றது. மணி சாப்பிடவில்லை. கண்ணைத் திறக்கவில்லை. மிருக வைத்தியரிடம் கொண்டு போனோம். அங்கே நின்ற நேர்ஸ் முதலில் ஒரு கருவியை ஆமையின் காலடியில் பிடித்துப் பார்த்தார். பிறகு, "மைக்ரோசிப் இல்லையே, சேர்டிபிக்கேற் இருக்கிறதா?" என்று கேட்டார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பத்திரம் எங்கே என்று யாராவது கேட்டால் எங்கள் நெஞ்சு எப்படி அடிக்கும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த நேர்ஸ் நல்ல மனிசி. எங்களை இருத்தி விளக்கமாகச் சொன்னார். இது மத்தியதரைக் கடல் நாடுகளின் ஆமை. இதை வீட்டில் வைத்திருப்பதற்கு என்று தனியாக லைசென்ஸ் இல்லை. ஆனால் சேர்டிபிக்கேற் இல்லாமல் இதை விற்பது குற்றம், அதேபோல வாங்குவதும் குற்றம். விற்றவனை மட்டும் சட்டம் பிடிக்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது பிழை.

பஸ்ஸில் வரும்போது மகன் கேட்டான்: "அப்பா, மணிக்கு விசா இல்லையா?" நாங்கள் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தோம்.

வேலைத்தலத்தில் அந்த மனிதரிடம் கதைத்தோம். அவரும் எங்களைப் போல வேறு நாட்டில் இருந்து வந்தவர்தான். சந்தையில் ஒருவரிடம் பத்திரம் ஒன்றும் இல்லாமல் வாங்கினாராம். அவருக்கும் முகம் வெளுத்துவிட்டது. இருபது பவுணில் பத்தைத் திருப்பித் தந்தார். ஆமைகளைப் பராமரிக்கும் ஒரு சங்கத்திடம், காசு எதுவும் வாங்காமல், மணியை ஒப்படைத்தோம். காசு வாங்காமல் கொடுப்பது விற்பனை ஆகாது. மகன் இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை.

அதன் பிறகுதான் நூல்நிலையத்தில் இருந்தும், கவுன்சில் கந்தோரில் கேட்டும், தெரிந்தவர்களிடம் விசாரித்தும் நாங்கள் விபரங்களைச் சேர்த்தோம். சட்டம் படித்தவர்கள் அல்ல நாங்கள். விளங்கிய அளவில் எளிதாகச் சொல்கிறோம்.

பாம்புக்கு லைசென்ஸ், ஆமைக்குச் சேர்டிபிக்கேற்

இந்த நாட்டில் ஊர்வனவற்றையும் தவளைகளையும் மூன்று வகையாகப் பிரித்து நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, கவுன்சிலின் லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருக்கவே கூடாத பிராணிகள். இதற்கான சட்டம் 1976ஆம் ஆண்டின் ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டம். அந்தக் காலத்தில் லண்டனில் பணக்காரர் சிறுத்தை, சிங்கம் என்று வளர்ப்பது ஒரு நாகரிகமாக இருந்ததாம். 1969இல் ஹரொட்ஸ் கடையில் ஒரு சிங்கக்குட்டியைக் காசு கொடுத்து வாங்கி, செல்சி வீதிகளில் கூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள் இரண்டு இளைஞர்கள். இப்படியான கூத்துகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்றுதான் சட்டம் வந்தது. நாகபாம்பு, புடையன் வகைகள், முதலை, நஞ்சுள்ள கீலா பல்லி எல்லாம் இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

லைசென்ஸ் கேட்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பிராணி தப்பி ஓட முடியாத கூடு வேண்டும். மற்றவர்களுக்கு ஆபத்து நேர்ந்தால் ஈடுசெய்யக் காப்புறுதி வேண்டும். கவுன்சில் அனுப்பும் மிருக வைத்தியர் வந்து பார்ப்பார், அவருடைய செலவும் எங்கள் தலையில்தான். கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் வேறுபடும். லைசென்ஸ் இரண்டு வருடத்துக்குச் செல்லும். லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் உண்டு, பிராணியையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் ஊரில் வெங்கிணாந்தி என்று சொல்லும் மலைப்பாம்புக்கு இந்த லைசென்ஸ் தேவையில்லை. அதற்கு நஞ்சில்லை, பட்டியலில் பெயரும் இல்லை. எங்களுக்குப் பயமாக இருக்கிறதா இல்லையா என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, பட்டியலில் பெயர் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்கிறது. ஆகவே "பார்த்தால் சாதுவாக இருக்கிறது, இதற்கு என்ன லைசென்ஸ்" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டாவது, வளர்க்க லைசென்ஸ் இல்லை, ஆனால் வாங்க, விற்கச் சேர்டிபிக்கேற் வேண்டும் என்ற வகை. எங்கள் மணி இந்த வகைதான். உலகத்தில் அழிந்து போகும் நிலையில் உள்ள உயிர்களை நாட்டுக்கு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைற்ஸ் என்ற ஒப்பந்தம் 1973இல் எழுதப்பட்டு 1975இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு காலத்தில் மொறோக்கோ, கிறீஸ், துருக்கிப் பக்கங்களில் இருந்து ஆமைகளைக் கப்பல் கப்பலாக பிரித்தானியாவுக்குக் கொண்டு வந்து மலிவு விலைக்கு விற்றார்கள். குளிரிலும் கவனிப்பாரின்றியும் பெருந்தொகையானவை செத்துப் போயின. 1984இல் அந்த இறக்குமதி நிறுத்தப்பட்டது. அதனால்தான் இன்று ஹேர்மன் ஆமை, தொடையில் முள்ளுள்ள ஆமை, ஓரம் விரிந்த ஓடுள்ள ஆமை மூன்றுக்கும் ஆர்ட்டிக்கிள் 10 என்று சொல்லும் சேர்டிபிக்கேற் கேட்கிறார்கள். அதைக் கொடுப்பது அரசாங்கத்தின் ஏ.பி.எச்.ஏ. என்ற விலங்கு, தாவர சுகாதாரப் பிரிவு. வளர்ந்த ஆமைக்கு மைக்ரோசிப் இருக்க வேண்டும், சிப்பில் உள்ள இலக்கமும் பத்திரத்தில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். போட்டோக் கொப்பி செல்லாது, மூலப் பத்திரத்தைக் கையில் வாங்க வேண்டும். ஹோர்ஸ்பீல்ட் ஆமை என்று கடைகளில் அதிகம் விற்கும் ஆமைக்கு மட்டும் இந்தச் சேர்டிபிக்கேற் தேவையில்லை. ஆனாலும் அது நேர்மையான வழியில் வந்தது என்பதற்கு ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குற்றத்துக்கு ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அது பெரிய கடத்தல்காரருக்காக எழுதப்பட்டது, எங்களைப் போன்றவர்களுக்கு அவ்வளவு தூரம் போகாது என்று சொல்லலாம். ஆனால் ஒரு சிறிய தண்டனை கூட எங்களுக்குச் சிறியதல்ல. நாளைக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது, தண்டனை பெற்றதுண்டா என்று அந்தப் படிவத்தில் கேட்கிறார்கள். அறுபது பவுண் ஆமைக்காக அந்தக் கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டி வந்தால் எப்படி இருக்கும்? அம்மா சொன்ன அமீனா அப்போதுதான் எங்கள் நினைவுக்கு வந்தார்.

மூன்றாவது, வளர்க்க லைசென்ஸும் வேண்டாம், வாங்கச் சேர்டிபிக்கேற்றும் வேண்டாம் என்ற வகை. கடைகளில் காணும் பெரும்பாலானவை இவைதான். லெப்பேட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லி, தாடி ஓணான், கோர்ன் ஸ்நேக் என்ற சிவப்புப் பாம்பு, அவுஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளை எல்லாம் இதில் அடங்கும். தென் அமெரிக்காவின் வர்ணத் தவளைகளை நச்சுத் தவளை என்பார்கள். அவற்றின் நஞ்சு காட்டில் தின்னும் பூச்சிகளில் இருந்து வருவது. கூட்டில் பிறந்து வளர்ந்தவற்றில் அந்த நஞ்சு இருப்பதில்லை.

ஊரில் இருந்து கொண்டு வரலாமா?

வன்னிப் பக்கம் இருந்தவர்களுக்கு நட்சத்திர ஆமையைத் தெரியும். ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். மழை பெய்து விட்ட பிறகு பற்றைக்குள் இருந்து மெல்ல மெல்ல வெளியே வரும். இலங்கையின் வரண்ட பகுதிகளிலும், தமிழ்நாடு, ஆந்திரா, குஜராத், ராஜஸ்தான் பக்கங்களிலும் வாழ்கிறது. அதன் அழகே அதற்கு எமனாகிவிட்டது. உலகத்தில் மிக அதிகமாகக் கடத்தப்படும் ஆமைகளில் அதுவும் ஒன்று. 2019இல் சைற்ஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதலாம் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். இலங்கையிலும் இந்தியாவிலும் பிடிப்பதே குற்றம். ஆகவே ஊருக்குப் போய் வரும்போது பிள்ளைக்கு விளையாட்டாக ஒரு குட்டி ஆமையைப் பைக்குள் வைத்துக்கொண்டு வரும் எண்ணம் வேண்டவே வேண்டாம். ஹீத்ரோவில் அகப்படும் உயிருள்ள பிராணிகளைக் கொண்டுபோய் வைப்பதற்கென்றே விமான நிலையத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. லண்டன் சிற்றி மாநகராட்சி அதை நடத்துகிறது.

உயிருள்ள பிராணிக்கு மட்டும்தான் இந்தச் சட்டம் என்று நினைக்க வேண்டாம். தோலுக்கும் ஓட்டுக்கும் பொருந்தும். எங்கள் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் பாட்டும் மிருதங்கமும் பழகுகிறார்கள். சிலர் கஞ்சிராவும் பழகுகிறார்கள். பழைய முறையில் கஞ்சிராவுக்குப் போர்த்துவது உடும்புத் தோல். அந்த உடும்பும் சைற்ஸ் முதலாம் பட்டியலில்தான் இருக்கிறது. சென்னையில் நல்ல கஞ்சிரா ஒன்று வாங்கி வாருங்கள் என்று யாராவது சொன்னால், செயற்கைத் தோலோ ஆட்டுத் தோலோ போட்டதைக் கேட்டு வாங்குங்கள்.

குளத்தில் கிடக்கும் தவளை முட்டை

மாசி, பங்குனி மாதங்களில் இங்கே பார்க்குகளின் குளங்களில் சவ்வரிசிக் கஞ்சி போலத் தவளை முட்டை மிதக்கும். பிள்ளைகள் போத்தலில் அள்ளிக்கொண்டு வருவார்கள். இதற்கும் சட்டம் இருக்கிறதா என்றால் இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டம் இந்த நாட்டின் சொந்தத் தவளைகளையும் பாம்புகளையும் பாதுகாக்கிறது. சாதாரண தவளையின் முட்டையில் கொஞ்சம் எடுத்து வாற்பேய் வளர்வதைப் பிள்ளைக்குக் காட்டுவது குற்றமல்ல. விற்பதுதான் குற்றம். பார்க்கும் குளமும் இன்னொருவருடைய இடம் என்பதால் கேட்டு எடுப்பது முறை. வளர்ந்த பிறகு எடுத்த குளத்திலேயே விட வேண்டும். வேறு குளத்தில் விட்டால் தவளைகளைக் கொல்லும் நோய்களை நாங்களே காவிக்கொண்டு போகிறோம்.

ஆனால் முதுகில் மஞ்சள் கோடு உள்ள நற்றர்ஜாக் தேரையையும், பல்லி போல வாலுள்ள பெரிய கொண்டை நியூற்றையும் லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கவோ வைத்திருக்கவோ முடியாது. பெரிய கொண்டை நியூற் இருக்கும் குளத்தருகே வீடு கட்டுவதென்றால் கம்பெனிகளே அதற்கெனத் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஊரில் பாம்பைக் கண்டால் முதலில் தடியைத் தேடுவோம். இங்கே அது சரிவராது. இந்த நாட்டில் உள்ள நஞ்சுப் பாம்பு அடர் என்ற ஒன்றுதான். அதையும், நஞ்சில்லாத புல்லுப் பாம்பையும், பாம்பு போலத் தோன்றும் காலில்லாப் பல்லியையும் வேண்டுமென்று அடித்துக் கொல்வது குற்றம். பேசாமல் விலகி நின்றால் அது தன் வழியில் போய்விடும்.

வெளியே விட்டுவிடலாம் என்று நினைத்தால்

1990ஆம் ஆண்டளவில் ரி.வி.யில் ஆமை வீரர்களின் கார்ட்டூன் ஒன்று பெரிதாக ஓடியது. அமெரிக்காவில் அவர்களுக்கு நிஞ்சா ஆமைகள் என்று பெயர். இங்கே நிஞ்சா என்ற சொல் கூடாது என்று ஹீரோ ஆமைகள் என்று மாற்றிப் போட்டார்கள். பிள்ளைகள் எல்லோரும் ஆமை கேட்டார்கள். சிவப்புக் காதுள்ள ரெறப்பின் என்ற நீராமைக் குஞ்சுகளைக் கடைகள் விற்றுத் தள்ளின. வாங்கும்போது ஒரு நாணயம் அளவு, வளர்ந்த பிறகு சாப்பாட்டுக் கோப்பை அளவு. தண்ணீர் நாறும். பிள்ளைக்கும் அலுத்துவிடும். லண்டன் குளங்களிலும் கால்வாய்களிலும் கொண்டுபோய் விட்டார்கள். வெயில் நாளில் அவை கட்டைகளில் ஏறிக் குளிர்காய்வதை இன்றும் பார்க்கலாம்.

1997இல் ஐரோப்பாவுக்குள் அவற்றின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2016இல் நாட்டைக் கெடுக்கும் அந்நிய உயிர்களின் பட்டியலில் சேர்த்தார்கள். இன்று அவற்றை விற்கவோ, பெருக்கவோ, கைமாற்றவோ முடியாது. அதற்கு முன்பே வைத்திருந்தவர்கள் அது சாகும் வரை வைத்திருக்கலாம். அமெரிக்காவின் பெரிய புல்புறோக் தவளையும் அதே பட்டியலில் உள்ளது. பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்த நாட்டுக்குச் சொந்தமில்லாத எந்தப் பிராணியையும் வெளியே விடுவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

ஒரு பிராணியை வெளியே விடுவதால் என்ன வந்துவிடப் போகிறது என்பவர்களுக்கு எங்கள் தமிழர் இருவரின் கதையைச் சொல்லலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்க்க வாங்கிய பர்மா மலைப்பாம்புகள் தப்பியும், விடப்பட்டும் சதுப்பு நிலம் முழுக்கப் பெருகிவிட்டன. முயல், மான் போன்றவை பெருமளவு குறைந்துவிட்டன. விஞ்ஞானிகளும் வேட்டைக்காரரும் கண்டுபிடிக்க முடியாமல் திணறினார்கள். 2017 தை மாதம் தமிழ்நாட்டில் இருந்து மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர் இருவரை அழைத்தார்கள். பள்ளிக்கூடப் படிப்பு இல்லாதவர்கள், பரம்பரையாகப் பாம்பு பிடிப்பவர்கள். புல் மடிந்திருப்பதையும் மண்ணில் உள்ள தடத்தையும் பார்த்தே இரண்டு கிழமைக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துவிட்டார்கள். அதில் ஒன்று 16 அடி.

அந்த இருளரும் நினைத்தபடி பாம்பு பிடிக்க முடியாது என்பதைக் கவனியுங்கள். முன்பு தோலுக்காகப் பிடித்தார்கள். 1972இல் இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தப் பிழைப்பு போனது. 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, வனத்துறையின் அனுமதியோடு பாம்பைப் பிடித்து, நஞ்சை எடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடிக்கு மருந்து செய்ய அந்த நஞ்சுதான் போகிறது. 2023இல் அந்த இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. பாம்போடு பிறந்து வளர்ந்தவர்களே அனுமதி எடுத்து வேலை செய்யும்போது, நாங்கள் ஒரு வார்த்தை விசாரித்துச் செய்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

லைசென்ஸ் இல்லை, கடமை உண்டு

மூன்றாவது வகைப் பிராணிக்குப் பத்திரம் தேவையில்லை என்றோம். அதற்காக எப்படியும் வைத்திருக்கலாம் என்பதல்ல. 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் பல்லிக்கும் தவளைக்கும் கூடப் பொருந்தும். தகுந்த இடம், தகுந்த சாப்பாடு, தன் இயல்புப்படி நடமாட வசதி, கூட்டமாகவோ தனியாகவோ அதற்கு ஏற்றபடி வாழ வழி, நோயில் இருந்தும் வேதனையில் இருந்தும் பாதுகாப்பு என்ற ஐந்தையும் வளர்ப்பவர் கொடுக்க வேண்டும். கொடுமை செய்தால் 2021இல் இருந்து இங்கிலாந்தில் ஐந்து வருடம் வரை சிறை.

இதில் செலவையும் யோசிக்க வேண்டும். வெப்ப நாட்டுப் பிராணிக்கு லண்டன் வீட்டில் எப்போதும் ஹீற்றர் வேண்டும். சூரிய ஒளி போன்ற கதிர் தரும் விசேட லைற் பலவற்றுக்கு வேண்டும், அது இல்லாவிட்டால் எலும்பு இளகி வளைந்துவிடும். மீற்றரில் காசு போட்டு மின்சாரம் எரிக்கும் வீடுகளுக்கு இது சின்ன விடயமல்ல. பல்லிக்கு உயிருள்ள பூச்சி வேண்டும். பாம்புக்கு உறைந்த எலியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்திருக்க வேண்டும். மரக்கறிச் சாப்பாட்டு வீட்டில் அம்மாமார் இதற்குச் சம்மதிப்பார்களா என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். கெக்கோ பதினைந்து, இருபது வருடம் இருக்கும். ஆமை ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும். அடுத்த வருடம் எந்த வீட்டில் இருப்போம் என்று தெரியாத எங்களுக்கு அது நீண்ட காலம்.

சுகாதாரமும் முக்கியம். ஆமை, பல்லி, பாம்பு, தவளை எல்லாவற்றிலும் சல்மனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பிராணி நல்ல சுகமாகவே தோன்றும், மனிதருக்குத்தான் வயிற்றோட்டமும் காய்ச்சலும் வரும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயோதிபர் உள்ள வீட்டில் மிகவும் கவனம் வேண்டும். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டியைக் குசினி சிங்கில் கழுவக் கூடாது.

வாங்க முன் கேட்க வேண்டியவை

1. இந்தப் பிராணியின் சரியான பெயர் என்ன? பெயரை எழுதி வாங்கிக்கொண்டு உங்கள் கவுன்சிலின் லைசென்சிங் பகுதியில் காட்டிக் கேளுங்கள்.

2. சேர்டிபிக்கேற் தேவையான வகையா? தேவையென்றால் மூலப் பத்திரம் எங்கே? சிப் இலக்கம் பொருந்துகிறதா?

3. விற்பவர் யார்? வியாபாரமாக விற்பவருக்குக் கவுன்சில் லைசென்ஸ் இருக்க வேண்டும். 2018 ஐப்பசியில் இருந்து அவர்களுடைய விளம்பரத்திலும் லைசென்ஸ் இலக்கம் போட வேண்டும். வீதியிலும் சந்தைக் கடையிலும் பிராணி விற்பதைச் சட்டம் தடுத்திருக்கிறது. கிழக்கு லண்டனில் கிளப் றோ என்ற இடத்தில் ஞாயிறு தோறும் நடந்த பெரிய பிராணிச் சந்தை 1983இல் அப்படித்தான் முடிந்தது.

4. பெரியவர் கூட வராமல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பிராணி விற்க முடியாது. பிள்ளை தனியாக வாங்கி வந்தால் எங்கே வாங்கினான் என்று விசாரியுங்கள்.

5. வீட்டுக்காரர் சம்மதமா? வாயால் சொன்னது போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

6. ரசீது எங்கே? பத்திரம் வைக்கும் பையில் அதையும் வையுங்கள்.

ஏற்கெனவே பத்திரம் இல்லாத ஆமை ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் பயந்து போய்ப் பார்க்கில் விட்டுவிடாதீர்கள். அது இரண்டாவது குற்றமாகிவிடும், ஆமையும் செத்துவிடும். மிருக வைத்தியரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அல்லது ஆர்.எஸ்.பி.சி.ஏ. போன்ற சங்கத்திடம் ஆலோசனை கேளுங்கள். உள்ளதைச் சொன்ன எங்களை அந்த நேர்ஸ் திட்டவில்லை.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புள்ளிப் பல்லி இருக்கிறது. லைசென்ஸ் உள்ள கடையில் வாங்கியது. வீட்டுக்காரருக்கு அனுமதிக் கடிதத்தை மகனே இங்கிலிசில் எழுதினான். நாங்கள் கீழே கையெழுத்து வைத்தோம். பதில் வர மூன்று கிழமை எடுத்தது. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கதவடியில் கிடக்கும் கடிதங்களைப் புரட்டிப் பார்த்தான். கடிதம் வந்த அன்று அதை மடித்து, எங்கள் பத்திரப் பைக்குள் தானே வைத்தான். அம்மா ரெலிபோனில் வந்தபோது, "பல்லியெண்டால் பரவாயில்லை, அது ஊர் வீட்டிலும் இருந்ததுதானே" என்றா.